சரக்கு மருந்தில்லை, மருந்துக்குக்கூட இல்லை

நம்ம ஊரில் இரண்டு வைத்தியக் குறிப்புகள் எந்தப் புத்தகத்திலும் இல்லாமலேயே தலைமுறை தலைமுறையாக ஓடிக்கொண்டிருக்கின்றன. முதலாவது: "உடம்பு வலிக்குதா மாப்ள? ஒரு கட்டிங் போடு, காலையில பறந்துரும்." இரண்டாவது: "ஆணி குத்திருச்சா? அட, சின்னக் காயம்தானே. மேல கொஞ்சம் சரக்கை ஊத்து, மிச்சத்தை உள்ள ஊத்து." கட்டட வேலை நடக்கும் இடத்தில், வயல் வரப்பில், மீன்பிடித் துறையில், ஏன் எங்கள் கல்லூரி விடுதியின் மொட்டை மாடியிலும்கூட இந்த இரண்டு குறிப்புகளையும் இலவசமாக வழங்க எப்போதும் ஒரு டாக்டர் இருப்பார். பட்டம் மட்டும்தான் கிடையாது.

இரண்டுமே தப்பு. கொஞ்சநஞ்சத் தப்பில்லை, ஆளைக் கொல்லும் தப்பு. இதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. "ஆரம்பிச்சிட்டான்யா காந்தி" என்று நகர்ந்துவிடாதீர்கள். குடிப்பது பாவமா புண்ணியமா, கடையை மூடலாமா கூடாதா என்ற பட்டிமன்றத்துக்கு நான் வரவில்லை. குடிப்பவர் குடிக்கட்டும், அது அவர் பாடு. ஆனால் அதை "மருந்து" என்று சொல்லி அடுத்தவர் கையில் கொடுக்கும்போது, நுண்ணுயிரியல் படிக்கிற எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. சந்தோஷத்துக்குக் குடித்தேன் என்று சொல்கிறவரிடம் எனக்குச் சண்டையே இல்லை. வைத்தியத்துக்குக் குடித்தேன் என்கிறவரிடம்தான் சண்டை.

முதலில் ஒரு சின்னக் கணக்கு

ஒரு குவாட்டர் என்பது 180 மில்லி. நம் கடைகளில் விற்கும் பிராந்தி, விஸ்கி, ரம் வகையறாவில் ஆல்கஹால் 42.8 சதவீதம். பெருக்கிப் பாருங்கள், சுமார் 77 மில்லி சுத்தமான ஆல்கஹால். எடையில் சொன்னால் ஏறக்குறைய 60 கிராம். இப்போது ஒரு தகவல்: உலக சுகாதார நிறுவனம் ஒரே அமர்வில் 60 கிராமோ அதற்கு மேலோ ஆல்கஹால் குடிப்பதைத்தான் "ஒரே மூச்சில் அதிகமாகக் குடிப்பது" என்று வகைப்படுத்துகிறது. அதாவது, "நான் என்ன பெருசா குடிக்கிறேன், ஒரு குவாட்டர்தானே" என்று நம்மாள் அடக்கமாகச் சொல்கிற அந்த அளவே, உலகக் கணக்கில் அபாயக் கோட்டைத் தொட்டுவிட்டது. நம் ஊரில் "லைட்டா" என்ற சொல்லுக்கு இருக்கிற கனம் அவ்வளவு.

இந்த 60 கிராம் உள்ளே போனதும் தசைக்கு என்ன ஆகிறது? நாள் முழுக்க சுமை தூக்கியோ கிரிக்கெட் ஆடியோ களைத்த தசையில் நுண்ணிய கிழிசல்கள் இருக்கும். தூங்கும்போது உடம்பு புதுப் புரதம் கட்டி அதைச் சரிசெய்யும். ஆல்கஹால் சரியாக அந்த வேலையில்தான் கை வைக்கிறது. 2014-இல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட ஒரு சோதனையில், கடுமையான உடற்பயிற்சிக்குப் பிறகு ஆல்கஹால் குடித்த இளைஞர்களுக்குத் தசைப் புரதம் உருவாகும் வேகம் குறைந்தது. புரத பானம் சேர்த்துக் குடித்தவர்களுக்கே 24 சதவீதம் குறைவு. புரதம் இல்லாமல் மாவுச்சத்தோடு குடித்தவர்களுக்கு 37 சதவீதம் குறைவு. ஜிம்முக்குப் போய்விட்டு வந்து சரக்கடிக்கிற சகோதரர்கள் இந்த இரண்டு எண்களையும் கண்ணாடியில் ஒட்டி வைத்துக்கொள்ளலாம் :-)

இதோடு முடியவில்லை. ஆல்கஹால் சிறுநீரைக் கட்டுப்படுத்தும் ஹார்மோனை அடக்குகிறது. அதனால் தண்ணீர் வெளியே போகிறது. தொடர்ந்து குடிப்பவர்களுக்கு மக்னீசியம், பொட்டாசியம், பாஸ்பேட் போன்ற உப்புகளும் குறைகின்றன. தசை சுருங்கி விரிய இவையெல்லாம் வேண்டும். நடு ராத்திரியில் கெண்டைக்கால் பிடித்து இழுப்பதும், காலையில் அடித்துப் போட்ட மாதிரி இருப்பதும் வேறு எதனால் என்று நினைக்கிறீர்கள்?

"ஆனா வலி போகுதே!" என்பார்கள். போகும். மறுக்கவில்லை. ஆல்கஹால் நரம்பை மந்தமாக்கும், வலி தெரியாமல் செய்யும். ஆனால் வலி தெரியாமல் போவதும் வலிக்குக் காரணம் சரியாவதும் ஒன்றா? "வீட்டில் புகை வருகிறது" என்று கத்துகிறவன் வாயைப் பொத்திவிட்டு, நெருப்பை அணைத்துவிட்டேன் என்று மார்தட்டுகிற கதை இது. நாளாக ஆக அதே மந்தத்துக்கு இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று ஊற்ற வேண்டும். காலையில் வரும் வலியில் பாதி நேற்றைய உழைப்பினால், மீதி நேற்றைய "மருந்தினால்". அந்த வலிக்கு மறுபடி அதே மருந்து. கடன் வாங்கி வட்டி கட்டுகிற கணக்குதான்.

"நேத்து அடிச்சது" என்ற நோய் கிடையாது

எனக்கு உண்மையில் எரிச்சல் தருவது இந்த வார்த்தைதான். எந்த வலி வந்தாலும் "அது நேத்து அடிச்சதுடா" என்று ஒரே வரியில் நோயறிந்துவிடுகிறார்கள். அந்த ஒரு வரிக்குள் எத்தனை நோய்கள் ஒளிந்துகொள்கின்றன தெரியுமா?

அதிகமாகக் குடித்து, ஒரே பக்கமாக மணிக்கணக்கில் மட்டையாகிக் கிடந்தவரின் தசை நசுங்கி அழியலாம். ஆல்கஹாலே தசை செல்களை நேரடியாகவும் சிதைக்கும். சிதைந்த தசையிலிருந்து மயோகுளோபின் என்ற பொருள் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கும். சிறுநீர் கறுப்பு டீ நிறத்திலோ கோலா நிறத்திலோ போகும். மருத்துவத்தில் இதற்கு ராப்டோமயோலிசிஸ் என்று பெயர். 1941-இல், லண்டன் மீது ஜெர்மனி குண்டு வீசிக்கொண்டிருந்த காலத்தில், இடிபாடுகளில் கை கால் நசுங்கி மீட்கப்பட்ட நான்கு பேர் சிறுநீரகம் செயலிழந்ததைப் பைவாட்டர்ஸ், பீல் என்ற இருவர் எழுதி வைத்தார்கள். கட்டடம் மேலே விழுந்தால் தசைக்கு என்ன ஆகுமோ, கிட்டத்தட்ட அதை ஒரு மனிதன் தன் சொந்த உடம்பின் எடையாலேயே தனக்குச் செய்துகொள்ள முடியும். சுயநினைவு இல்லாமல் கிடந்தால் போதும். அப்படிக் கிடந்தவரை "தூங்கட்டும் விடுறா" என்று கதவைச் சாத்திவிட்டுப் போகிறோமே, அது நட்பு இல்லை.

வருடக் கணக்காகக் குடிப்பவர்களுக்கு இன்னொன்று. வலிகூட அதிகம் இருக்காது. தொடையும் தோளும் மெல்ல மெல்ல இளைக்கும். குத்துக்காலிட்டு உட்கார்ந்தால் எழுந்திருக்க கையை ஊன்ற வேண்டும், படி ஏற முடியாது. நீண்ட காலம் மிகையாகக் குடிப்பவர்களில் மூன்றில் ஒரு பங்கு முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை ஏதோ ஓர் அளவில் இந்தத் தசைநலிவு இருப்பதாக மருத்துவ நூல்கள் சொல்கின்றன. உள்ளங்கால் எரிச்சலும் மரத்துப்போவதும் நரம்பு கெட்டதன் அடையாளம். தையமின் என்கிற பி1 வைட்டமின் குறைவதும் அதற்கு ஒரு காரணம். இடுப்பில் வலி என்றால் தொடை எலும்பின் தலைப் பகுதிக்கு ரத்தம் போகாமல் எலும்பு செத்துக்கொண்டிருக்கலாம். கட்டைவிரல் மூட்டு சிவந்து வீங்கினால் யூரிக் அமிலம். இதெல்லாம் எங்கள் ஊர் டாக்டருக்கு "நேத்து அடிச்சது".

இனி அந்தச் சின்ன ஓட்டை

வெட்டுக் காயம் என்றால் எல்லோரும் பயப்படுகிறோம். ரத்தம் கொட்டுகிறது, பார்க்கவே பயங்கரம். குத்துக் காயத்தில் ரத்தம் ஒரு சொட்டு, அவ்வளவுதான். ஆணி, சீமைக்கருவேல முள், கெளுத்தி மீனின் முள், கம்பி கட்டுகிற இடத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் கட்டுக்கம்பி. "முள்ளு குத்தினதுக்கெல்லாம் ஆஸ்பத்திரியா?" என்று கேட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவோம்.

ஆனால் நோய்க்கிருமியின் கண்ணோட்டத்தில் யோசித்துப் பாருங்கள். வெட்டுக் காயம் திறந்த வெளி. ரத்தம் கழுவிக்கொண்டு போகிறது, காற்று படுகிறது, நாமும் கழுவுகிறோம். குத்துக் காயமோ மூடிய குகை. முள் உள்ளே போகும்போது மண்ணையும் சாணத்தையும் கூடவே எடுத்துப் போய் ஆழத்தில் வைத்துவிட்டு வருகிறது. மேலே தோல் உடனே மூடிக்கொள்கிறது. உள்ளே ஆக்ஸிஜன் இல்லை. கிளாஸ்ட்ரிடியம் டெட்டனி என்ற பாக்டீரியாவுக்கு இதைவிட நல்ல வாடகை வீடு கிடைக்காது. காற்றில்லாத இடத்தில்தான் அது வளரும். ரண ஜன்னி, தனுர்வாதம் என்றெல்லாம் நம் பாட்டிமார் சொன்ன நோய் அதுதான்.

இங்கே ஒரு மூடநம்பிக்கையையும் உடைத்துவிடுகிறேன். துருவினால் தனுர்வாதம் வருவதில்லை. துரு வெறும் இரும்பு ஆக்சைடு. கிருமியின் வித்துகள் மண்ணிலும் கால்நடைச் சாணத்திலும் இருக்கின்றன. துருப்பிடித்த ஆணி மண்ணில் கிடந்திருக்கும் என்பதால்தான் அதற்கு அந்தக் கெட்ட பெயர். பளபளக்கும் புது ஆணியும், தோட்டத்து ரோஜா முள்ளும் அதே வேலையைச் செய்யும். காயத்தின் மேல் மண்ணையும் சாணத்தையும் அப்புகிற "நாட்டு வைத்தியம்" எவ்வளவு பெரிய கொடுமை என்று இப்போது புரியும்.

ஒரு சின்னக் குத்து என்ன செய்யும் என்பதற்கு மருத்துவ வரலாற்றிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. 1847-இல் வியன்னாவில் யாக்கோப் கொல்லெட்ஷ்கா என்ற தடய மருத்துவப் பேராசிரியர் பிரேதப் பரிசோதனை செய்துகொண்டிருந்தார். ஒரு மாணவனின் கத்தி தவறி அவர் விரலில் குத்தியது. அவ்வளவுதான். கிருமி உடம்பெங்கும் பரவி இறந்துபோனார். அவருடைய நண்பர் செம்மல்வைஸ் அந்தப் பரிசோதனை அறிக்கையைப் படித்துத்தான், பிரசவ வார்டில் தாய்மார்கள் சாவதற்கும் மருத்துவர்களின் கழுவாத கைகளுக்கும் உள்ள உறவைக் கண்டுபிடித்தார். ஒரு பேராசிரியரைக் கொல்ல ஒரு விரல் குத்து போதுமாக இருந்தது. நாம் என்னடாவென்றால் காலில் ஆணியோடு "டைட்டா கட்டு, சரியாயிடும்" என்கிறோம்.

"சரக்கு ஊத்தினா கிருமி செத்துடுமே. ஆஸ்பத்திரியிலயே ஸ்பிரிட்தான போடறாங்க?"

கேள்வி நல்ல கேள்வி, பதில் மோசமான பதில். கிருமிநாசினியாக ஆல்கஹால் நன்றாக வேலை செய்ய 60 முதல் 90 சதவீதம் வரை செறிவு வேண்டும். மருத்துவமனையில் இருப்பது சுமார் 70. உங்கள் பாட்டிலில் இருப்பது 42.8, அதோடு நிறமும் வாசனையும். பீரைப் பற்றிப் பேசவே வேண்டாம். இரண்டாவது, ஸ்பிரிட்டை ஊசி போடும் முன் முழுத்தோலில்தான் தேய்க்கிறார்கள். திறந்த காயத்துக்குள் ஊற்றினால் நல்ல திசுவும் சேர்ந்து பொசுங்கும். மூன்றாவது, குத்துக் காயத்தின் அடி வரைக்கும் அது போகவே போகாது, மேலே எரிவதோடு சரி. நான்காவதுதான் முக்கியம்: டெட்டனஸ் வித்துகளை 70 சதவீத ஆல்கஹாலே கொல்லாது. உங்கள் கட்டிங் என்ன செய்துவிடும்? எரிகிறது என்பதற்காக வேலை செய்கிறது என்று அர்த்தமில்லை. மிளகாய்ப் பொடி போட்டாலும்தான் எரியும்.

இதற்கு நேர் எதிர்ப் பக்கத்தில் ஒரு கோஷ்டி இருக்கிறது. அவர்களுக்கு எல்லாமே டி.டி. ஊசி. "டி.டி. போட்டாச்சு, இனி ஒண்ணும் ஆகாது." ஐயா, அந்த ஊசி தனுர்வாதம் ஒன்றைத்தான் தடுக்கும். சீழ் பிடிக்க வைக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸையோ, தோலுக்கடியில் காட்டுத்தீ மாதிரி பரவும் ஸ்ட்ரெப்டோகாக்கஸையோ அது எட்டிக்கூடப் பார்க்காது. ரப்பர் செருப்பையோ ஷூவையோ துளைத்துக்கொண்டு ஆணி ஏறினால், அந்த அடிப்பாகத்தில் இருக்கும் சூடோமோனாஸ் எலும்பு வரைக்கும் போய்விடும். அதற்கும் அந்த ஊசிக்கும் சம்பந்தமே இல்லை.

"ஆறு மாசத்துக்கு ஒரு தடவை போடணும்" என்பதும் கதைதான். சிறுவயதில் முழுத் தவணையும் போட்டவருக்கு, சுத்தமான சிறு காயமென்றால் கடைசி ஊசி போட்டு 10 வருடம் ஆகியிருந்தால்தான் மறு ஊசி. மண், சாணம், ஆழக் குத்து என்றால் 5 வருடம். தவணையே போடாதவருக்கும், போட்டோமா என்று தெரியாதவருக்கும் அழுக்குக் காயம் பட்டால் தடுப்பூசியோடு தனியாக இம்யூனோகுளோபுலின் ஊசியும் தேவைப்படும். நம் நாட்டுத் தடுப்பூசித் திட்டத்தில் பழைய தனி டெட்டனஸ் ஊசிக்குப் பதிலாக இப்போது டெட்டனஸும் டிஃப்தீரியாவும் சேர்ந்த ஊசிதான் 10 வயதிலும் 16 வயதிலும் போடுகிறார்கள். பள்ளியில் ஊசி என்றதும் சுவரேறிக் குதித்த வகுப்புத் தோழர்களே, நீங்கள் எந்தக் கணக்கில் வருகிறீர்கள் என்று வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இரண்டும் சந்திக்கும் இடம்

குடியும் குத்துக் காயமும் தனித்தனி விஷயம் என்று நினைத்தால், இங்கேதான் சிக்கல். ஒன்று இன்னொன்றுக்குக் கதவு திறந்து விடுகிறது.

குடித்த ராத்திரியில் வெறுங்காலோடு நடப்பவருக்குக் குத்தியதே தெரியாது. வருடக் கணக்கில் குடித்து உள்ளங்கால் மரத்துப்போனவருக்கு மறுநாளும் தெரியாது. இதோடு சர்க்கரையும் சேர்ந்தால்? ஐ.சி.எம்.ஆர். நிதியில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. சர்க்கரையும் காலை மரக்க வைக்கும், சரக்கும் மரக்க வைக்கும். உள்ளே முள் இருப்பது வீக்கம் வந்த பிறகுதான் தெரியும்.

எதிர்ப்பு சக்தியும் இறங்கிவிடுகிறது. அதற்கு வருடக் கணக்கில் குடிக்க வேண்டியதுகூட இல்லை. 2015-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆரோக்கியமான இளைஞர்கள் ஒரே ஒரு தடவை அதிகமாகக் குடித்த பிறகு, இரண்டு மணி நேரத்திலும் ஐந்து மணி நேரத்திலும் ரத்தத்தில் நோயை எதிர்க்கும் சில வகை வெள்ளணுக்கள் குறைந்திருந்தன. மண்ணோடு முள் உள்ளே போகிற அதே ராத்திரியில் காவல்காரர்களையும் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம்.

கல்லீரல் கெட்டவருக்கு ஆபத்து இன்னும் அதிகம். வெதுவெதுப்பான கடல்நீரிலும் முகத்துவாரத்து நீரிலும் விப்ரியோ வல்னிஃபிகஸ் என்றொரு பாக்டீரியா இருக்கிறது. மீன் முள் குத்திய ஓட்டை வழியாகவே உள்ளே நுழையும். கல்லீரல் நோய் உள்ளவர்களை அது குறிவைத்து அடிக்கிறது. கடுமையாகத் தொற்றியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் இறக்கிறார், சிலர் ஓரிரு நாளிலேயே. வலை இழுத்த கைவலிக்கு தினமும் குடிக்கிற அண்ணனிடம் போய் "மீன் முள்தானே" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வயலில் இறங்குகிறவர்களுக்கும் ஒன்று இருக்கிறது. 1911-இல் ரங்கூனில் விட்மோர் என்ற ஆங்கிலேய மருத்துவரும் சி.எஸ். கிருஷ்ணசாமி என்ற நம்மவரும் அதுவரை யாரும் விவரிக்காத ஒரு தொற்றுநோயைப் பிரேதப் பரிசோதனைகளில் கண்டார்கள். 1912-இல் வெளியிட்டார்கள். மெலியோய்டோசிஸ் என்று இப்போது பெயர். முதல் நோயாளிகளில் பலர் மார்பின் ஊசி போட்டுக்கொள்கிறவர்கள். பிறகுதான் கிருமி வெப்பநாடுகளின் ஈரமண்ணிலும் சேற்று நீரிலும் வாழ்வது என்று தெரிந்தது. காலில் உள்ள காயத்தின் வழியாகவும் அது ஏறும். தமிழ்நாட்டிலும் இந்த நோய் பதிவாகியிருக்கிறது. யாரைப் பிடிக்கும்? சர்க்கரை நோயாளி, மிகையாகக் குடிப்பவர், சிறுநீரகம் கெட்டவர். நாத்து நட்ட வலிக்கு மருந்து என்று நினைத்துக் குடிக்கிற குடிதான் நாத்தங்காலின் கிருமிக்குக் கதவைத் திறக்கிறது.

போதாக்குறைக்கு, குத்துகிற பொருளே பல நேரம் அந்த பாட்டில்தான். வாய்க்காலிலும் வரப்பிலும் ஆற்று மணலிலும் உடைந்த கண்ணாடி. காட்டில் யானையின் காலையே கிழிக்கிறது என்ற கவலையில், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின் பேரில் நீலகிரியில் 2022-இல் காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய் என்ற திட்டம் தொடங்கியது. யானைக்கு நீதிமன்றம் வரை போக ஆள் இருந்தது நல்லதுதான். களை எடுக்கிற அக்காவின் காலுக்கும் யாராவது போக வேண்டும்.

எல்லாவற்றையும்விட என்னைத் தூங்கவிடாத விஷயம் இது. தனுர்வாதத்தின் ஆரம்பம் எப்படி இருக்கும்? தாடை இறுகும், கழுத்து பிடிக்கும், முதுகும் வயிறும் விறைக்கும். அதாவது, தசை வலி! குத்திய ஒரு வாரம் பத்து நாள் கழித்து வரும், குத்தியதே மறந்துபோயிருக்கும். தோலுக்கடியில் சதையைத் தின்னும் தொற்றுக்கு முதல் அடையாளம் என்ன? வெளியே பெரிதாக ஒன்றும் தெரியாது, ஆனால் வலி மட்டும் தாங்க முடியாத அளவுக்கு இருக்கும். இவர் குடிப்பவர் என்று ஊருக்கே தெரியும். இப்போது இவர் "காலு ரொம்ப வலிக்குது, வாயைத் திறக்க முடியல" என்று சொன்னால் வீட்டில் என்ன பதில் வரும்? "நேத்து அடிச்சதுதான். இன்னும் கொஞ்சம் அடிச்சிட்டுப் படு." முடிந்தது கதை. மணிக்கணக்கில் போகிற உயிர் அது, அந்த மணிகளை அந்த ஒரு வரி தின்றுவிடுகிறது.

இதில் குற்றவாளி வீட்டார் மட்டும் இல்லை. வாயில் வாடை அடித்தாலே "குடிச்சிட்டு வந்திருக்கான், அப்புறம் பார்க்கலாம்" என்று ஓரமாக உட்கார வைக்கிறவர்களையும் நான் இதே கணக்கில்தான் எழுதுவேன். சரக்கு மருந்து என்று நம்புகிறவருக்கும், குடிகாரன் வலி வலியே இல்லை என்று நினைக்கிறவருக்கும் வித்தியாசம் ஒன்றும் இல்லை. இருவருமே வலியைக் கேட்க மறுக்கிறார்கள். ஒருவர் வலியை மூழ்கடிக்கிறார், மற்றவர் அவமானப்படுத்தி விரட்டுகிறார். அந்த அவமானத்துக்குப் பயந்துதான் பலர் ஆஸ்பத்திரிக்கே போகாமல் அறைக்குள் படுத்துக்கிடக்கிறார்கள்.

வழக்கமான சால்ஜாப்புகள்

"எங்க தாத்தா தினம் குடிச்சு 90 வயசு வரைக்கும் இருந்தாரு." இருக்கட்டும். ஹெல்மெட் போடாமல் 40 வருடம் வண்டி ஓட்டியவரும் இருக்கிறார். அவர் தப்பித்தார் என்றுதான் அர்த்தம், ஹெல்மெட் தேவையில்லை என்று அர்த்தமில்லை. அதோடு, அளவாகக் குடித்தால் நல்லது என்ற பழைய பாட்டையும் நிறுத்திவிடலாம். எந்த அளவு ஆல்கஹாலும் உடல்நலத்துக்குப் பாதுகாப்பானது இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகவே சொல்லிவிட்டது.

"சளிக்கும் குளிருக்கும் பிராந்தி நல்லது." ஆல்கஹால் தோலின் ரத்தக் குழாய்களை விரிய வைக்கும். தோல் சூடானதுபோலத் தோன்றும், உள்ளிருக்கும் சூடு வெளியே போகும். குளிரில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்கிற வைத்தியம்.

"உழைக்கிற ஜனங்களுக்கு வலி இருக்குப்பா. ஏசி ரூம்ல உட்கார்ந்து எழுதறவனுக்கு என்ன தெரியும்?" இந்த ஒன்றுக்கு மட்டும் நான் நக்கலாகப் பதில் சொல்ல மாட்டேன். வலி உண்மை. 40 கிலோ மூட்டையைத் தூக்குகிறவரின் முதுகு வலி எந்தக் கவிதையாலும் போகாது. அதனால்தான் கேட்கிறேன்: அந்த உண்மையான வலிக்கு ஏன் பொய்யான மருந்து? அவருக்கு வேண்டியது ஓய்வு, வயிறு நிறையச் சோறு, பருப்பு, முட்டை, வேலையிடத்தில் குடிநீர், காலுக்கு கம்பூட், கைக்கு உறை, பக்கத்தில் திறந்திருக்கும் ஆரம்ப சுகாதார நிலையம். இவற்றையெல்லாம் கொடுக்க வேண்டியவர்கள் கொடுக்காமல், "பாவம், உழைக்கிறான், குடிச்சிட்டுப் போறான்" என்று பரிதாபப்படுவது எவ்வளவு மலிவான பரிதாபம்! காண்டிராக்டருக்கு ஒரு ஜோடி பூட்ஸ் செலவு மிச்சம், அவ்வளவுதான்.

சரி, என்னதான் செய்வது?

குத்தினால் உடனே ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு நன்றாகக் கழுவுங்கள். சில நிமிடங்கள் கழுவுங்கள். முள் மேலாக இருந்தால் சுத்தம் செய்த முள்வாங்கியால் எடுங்கள், இடுப்பில் தொங்கும் ஊக்கால் தோண்டாதீர்கள். ஆழமாகப் பெரிதாகக் குத்தி நிற்பதைப் பிடுங்காமல் அப்படியே மருத்துவமனைக்குப் போங்கள். காபித்தூள், சுண்ணாம்பு, சாணம், சரக்கு எதுவும் வேண்டாம். ஊசிக் கணக்கைப் பாருங்கள். சிவப்பு பரவினால், சூடும் வீக்கமும் ஏறினால், காய்ச்சல் வந்தால், காயத்தின் அளவுக்கு மீறி வலித்தால், தாடை இறுகினால் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். சர்க்கரையோ கல்லீரல் கோளாறோ இருந்தால் இது எதற்கும் காத்திருக்காமல் போங்கள்.

குடித்த மறுநாள் உடம்பு வலியா? தண்ணீர், உப்பு போட்ட கஞ்சி அல்லது மோர், ஓய்வு. வலி மாத்திரையில் ஜாக்கிரதை. தினமும் குடிப்பவர் பாராசிட்டமாலை அள்ளிப் போட்டால் கல்லீரல் அடி வாங்கும், டைக்ளோபினாக், ஐபுப்ரோஃபென் வகைகள் வயிற்றில் ரத்தம் கசிய வைக்கும், சிறுநீரகத்தையும் படுத்தும். சிறுநீர் கறுத்தால், ஒரு கையோ காலோ மட்டும் வீங்கி விறைத்தால், எழவே முடியாவிட்டால் 108-ஐக் கூப்பிடுங்கள். மட்டையான நண்பனை ஒருக்களித்துப் படுக்க வைத்து, கூடவே ஒருவர் இருங்கள். எழுப்பியும் எழாவிட்டால் அதுவும் 108-தான். மருத்துவரிடம் குடித்ததை மறைக்காமல் சொல்லுங்கள், "ஆனால் இது அதனால் மட்டும்தானா என்று பாருங்கள்" என்று சேர்த்துச் சொல்லுங்கள். அப்படிக் கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது.

அடுத்த தடவை யாராவது "வலிக்குதுடா" என்றால், பாட்டிலை நீட்டும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "எங்கடா வலிக்குது, காட்டு." பத்து ரூபாய்கூடச் செலவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்டாலே பாதி வைத்தியம் முடிந்தது.

பி.கு: "அப்ப ஊறுகாய் மட்டும் சாப்பிடலாமா?" என்று கேட்கப்போகும் வகுப்புத் தோழர்களுக்கு: சாப்பிடலாம். தயிர்சாதத்தோடு :-)